ஒரே பெயர், மூன்று துறை: புதிர்ச் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் சமூக மன்றங்களில் புதிர்ப்போட்டிக்குப் பஞ்சமில்லை. விளையாட்டு, இசை, சினிமா என்று மூன்று குறிப்பு கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பெயரைக் கேட்கும் சுற்றுக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. நடுவரிடம் சண்டை வருவதும் பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான்.

முதல் வில்லங்கம் தகப்பனார் பெயர். ‘விஸ்வநாதன்’ என்ற விடைக்கு, ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற சதுரங்க வீரர், மெல்லிசை மன்னர் என்று இரண்டு குறிப்பு எழுதிவிடுகிறார்கள். சதுரங்க வீரரின் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. எம்.எஸ். விஸ்வநாதனுக்கோ அதுவே சொந்தப் பெயர். அடையாள அட்டையிலேயே ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) பார்த்து வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இதை விடமாட்டார்கள். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் சொந்தப் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர், பட்டம் என்று எது என எழுதி வையுங்கள். கலந்து வந்தால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

‘சாந்தி’யில் வேறு மாதிரி குழப்பம். “ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடிப் பதக்கம் வென்ற சாந்தி” என்றால் யார்? நம் சாந்தி பெரேரா 2023 ஹாங்ஜோவில் 200 மீட்டரில் தங்கம் (23.03 விநாடி), 100 மீட்டரில் வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹாவில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினச் சோதனையைக் காட்டி அந்த வெள்ளியைப் பறித்துக்கொண்டார்கள். அவரைப் பற்றிக் குறிப்பு எழுதினால் இதை மழுப்பாமல் எழுதுங்கள், கேலிக்கும் இடம் வைக்காதீர்கள். பெரேராவைச் சொல்லும்போது “சிங்கப்பூரின் முதல் ஆசியத் தடகளத் தங்கம்” என்று எழுதுவதும் பிழை. 1974இல் சீ ஸ்வீ லீ 400 மீட்டரில் தங்கம் வாங்கியிருக்கிறார். 49 ஆண்டுக்குப் பிறகு வந்த தங்கம் என்பதே சரி. ஆண்டு, ஊர், தூரம் மூன்றும் இல்லாத விளையாட்டுக் குறிப்பு குறிப்பே அல்ல.

இணையத்தில் தேடும்போது இன்னொரு பொறி. ‘சாந்தி சௌந்தரராஜன்’ என்று தட்டினால், 1965இல் வந்த சிவாஜியின் ‘சாந்தி’ படமும் அதில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘யார் அந்த நிலவு’ம் சேர்ந்து வந்து நிற்கலாம். தேடும்போதே ‘800 மீட்டர்’ அல்லது ‘தோஹா’ என்று சேர்த்துவிடுங்கள்.

‘ராஜா’ என்று கேட்டால் ஏ.எம். ராஜாவையும் இளையராஜாவையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால்தான் ‘அன்னக்கிளி’யின்போது பஞ்சு அருணாசலம் ‘இளைய’ என்று முன்னால் சேர்த்தார். பிரிப்பதற்காக வைத்த பெயரைப் பொதுப்பெயர் என்று கேட்பது அபத்தம்.

சரியாக அமைந்த கேள்விக்கு ‘சுந்தரமூர்த்தி’ நல்ல மாதிரி. முதல் குறிப்பு, 30 புள்ளிக்கு: ‘8 தோட்டாக்கள்’ படத்தின் இசையமைப்பாளர். 20 புள்ளிக்கு ‘பித்தா பிறைசூடி’ பாடிய நாயனார். 10 புள்ளிக்கு, சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பில் ஆடி, 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர் தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர். இங்குள்ளவர்களுக்குக் கால்பந்துதான் சுலபம், அதனால் அது கடைசியில். பலர் அதை முதலில் வைத்து, ஐந்து விநாடியில் சுற்றை முடித்துவிடுகிறார்கள்.

திரையில் ஆங்கில எழுத்திலும் பெயர் வரும் என்றால், கால்பந்து வீரர் பெயரை இங்கே ‘சுந்த்ரமூர்த்தி’ என்று படிக்கும்படி எழுதுவது வழக்கம். அதைத் ‘திருத்தி’விடாதீர்கள். தமிழில் வாயால் சொன்னதே விடை என்று சுற்று தொடங்கும்முன் அறிவித்துவிட்டால் எழுத்துக்கூட்டல் வழக்கு வராது.