ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் 'ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்று பார்த்ததும் கூகளில் தேடிவிட்டு, "எனக்கு லூபஸா அண்ணே?" என்று வெளிறிப்போய் வந்து நிற்பார்கள். ஏஎன்ஏ என்பது நம் செல்களின் உட்கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்); லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய். முதலில் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். உங்கள் சீரத்தை (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) படிப்படியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், கண்ணாடித் தகட்டில் இருக்கும் செல்கள்மேல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். உட்கரு பச்சையாக ஒளிரும் கடைசி அளவுதான் அந்த எண். 1:80, அதாவது எண்பது மடங்கு நீர்த்தது, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பத்தில் ஒருவருக்காவது இருக்கும். 1:640 என்றால் சும்மா விடக் கூடாது.

அப்புறம், பாசிட்டிவ் ஆவதற்கு இன்னொரு காரணம் ஒட்டுண்ணி. மலேரியா, காலா அசார் (மணல் ஈ கடித்து வரும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்) போன்றவை உடம்பில் இருக்கும்போது பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கண்டபடி ஆன்டிபாடிகளைத் தயாரித்துத் தள்ளும். அவற்றில் சில நம் சொந்த செல்களையே பிடிக்கும். அதனால் ஏஎன்ஏ, ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் டெஸ்ட்) இரண்டுமே பாசிட்டிவ் ஆகலாம். மலேரியாவில் விடிஆர்எல் என்ற சிபிலிஸ் (பாலியல் நோய்) டெஸ்ட்கூடப் பொய்யாக ரியாக்டிவ் காட்டுவதுண்டு. அதை உறுதி செய்யும் டிபிஹெச்ஏ டெஸ்ட் பார்க்காமல் வீட்டில் சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஆகவே டாக்டரிடம் மூட்டுவலியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். விட்டுவிட்டு வந்த காய்ச்சல், காட்டுப் பக்கம் போனது (குரங்கு மலேரியா இந்த நாட்டில் இன்னும் உண்டு), சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் செருப்பில்லாமல் திரிந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

செருப்பில்லாத கதைக்குக் காரணம் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு. மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறி, குடலில் தானே பெருகிக்கொண்டு பல பத்தாண்டுகள் குடியிருக்கும். பலருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. லூபஸ் என்று நினைத்து பிரெட்னிசலோன் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு) கொடுத்தால் புழு கட்டவிழ்ந்து நுரையீரல்வரை பரவும், உயிரே போகலாம். மாத்திரை தொடங்குமுன் "ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மலத்தை ஒரு தடவை பார்த்தால் போதாது, புழுக்குஞ்சுகள் தினமும் வெளியே வருவதில்லை. இயோசினோஃபில் (புழு இருந்தால் வழக்கமாகக் கூடும் வெள்ளை அணு) நார்மல் என்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. புழு இருந்தால் ஐவர்மெக்டின் தருவார்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

அதற்காக 'புழுதான், லூபஸ் இல்லை' என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். டிஎஸ்-டிஎன்ஏ, ஆன்டி-எஸ்எம், சி3, சி4 என்ற லூபஸுக்கான இரத்தப் பரிசோதனைகள், சிறுநீரில் புரோட்டீன் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஒட்டுண்ணிக்கு மருந்து முடிந்து சில மாதம் கழித்து ஏஎன்ஏவைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் அதே லேபிலேயே கொடுங்கள். ஒரு லேபின் 1:80 இன்னொன்றில் 1:160 ஆக வரும்.