மேலதிகாரி மீது புகார்: திரும்பி வந்த மனுவைத் திருத்திய விதம்

ராணுவச் சட்டம் 1950-இல் ஜவானும் ஜேசிஓவும் (சுபேதார் போன்ற இளநிலை ஆணை அதிகாரி) மேலதிகாரி மீது முறையிட 26ஆவது பிரிவு இருக்கிறது, அதிகாரிகளுக்கு 27.

என் மனு திரும்பி வரக் காரணம் ஒரே வரி: “எப்போதும் அவமானப்படுத்துகிறார்.” அதை வைத்து யாரும் எதையும் விசாரிக்க முடியாது. அதை இப்படி மாற்றினேன்: “4ஆம் தேதி, காலை 6.10, பரேடு மைதானம்.” அடுத்து அவர் சொன்ன சொற்கள் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார், அதனால் நின்றுபோன விடுப்பு எத்தனை நாள். ஒரு சம்பவத்துக்கு ஒரு பத்தி. “கொடூரமான”, “அகம்பாவம் பிடித்த” எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

மனு கம்பெனி கமாண்டருக்குப் போகும். புகாரே அவர் மீதென்றால் அவருக்கு மேலே உள்ளவருக்கு. நகலையும் கொடுத்த தேதியையும் பத்திரமாக வையுங்கள்; 6 மாதத்தில் முடிவு வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக அந்தத் தேதிதான் கணக்கு.

கூட்டாகக் கையெழுத்துப் போடவே கூடாது, ஒழுங்கு மீறலாக்கிவிடுவார்கள். அவரவர் மனு அவரவருக்கு.

தெரிந்தே பொய் எழுதினாலும், முக்கிய உண்மையை வேண்டுமென்றே மறைத்தாலும் 56ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. சம்பவம் நடந்த அன்று ஃபாலினுக்கு (அணிவகுத்து நிற்பதற்கு) நீங்கள் தாமதமாக வந்திருந்தால் அதையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.