குழாயில் ஓடும் பாலை என்.ஐ.ஆர். கருவியால் அளக்கும் முன்

பாலின் கொழுப்பை ஒளியால் அளக்கும் என்.ஐ.ஆர். (அண்மை அகச்சிவப்பு) கருவி பொருத்தப் போகிறோம் என்று சொல்பவர்கள் எந்த கருவி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, லேபுக்குப் பால் பிடிக்கும் சாம்பிள் குழாய் எங்கே இருக்கிறது?

780 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியில், தண்ணீர் 1450, 1940 அருகே நன்றாக உறிஞ்சும். கொழுப்பு 1210, 1730, 2310 அருகே. ஆனால் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கருவிக்கு யார் சொல்வது? லேபில் கெர்பர் முறையில் (அமிலம் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிப்பது) நாம் எடுக்கும் எண்தான். அந்த எண்ணும், கருவி பதியும் நிறமாலையும் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று காட்டும் கோடு) ஒரே பாலுடையதாக இருக்க வேண்டும்.

என் முதல் கேலிபரேஷனில் (லேப் எண்ணைக் கருவிக்குக் கற்றுக்கொடுப்பதில்) அது தவறியது. சாம்பிள் குழாய், பாலுக்குள் ஒளி செலுத்தும் புரோபிலிருந்து தள்ளி இருந்தது. நேரத்தைச் சுவர்க்கடிகாரம் பார்த்து எழுதினோம்; அது கணினியைவிட இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் செப்பரேட்டர் நிலைப்படும் நேரத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் கொழுப்பு எவ்வளவோ மாறிவிடும். இரண்டு வார சாம்பிள்கள் வீண். அப்புறம் புரோபை ஒட்டியே குழாய் வைத்தேன். முதலில் வரும் பாலைக் கொட்டிவிட்டு, பாட்டில் நிரம்பும்போதே கணினியில் குறியிடுவேன்.

புரோபை, பால் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயில் வையுங்கள், காற்றுக்குமிழி தங்காது. கொழுப்புத் துளிகளை உடைக்கும் ஹோமோஜினைசருக்கு முன்னா பின்னா என்று முடிவுசெய்து, அங்கேயே நில்லுங்கள். 3-4 மைக்ரான் கொழுப்புத் துளி உடைந்து 1 மைக்ரானுக்குக் கீழே போனால் ஒளிச்சிதறலே வேறு. ஒரே பாலுக்கு இரண்டு நிறமாலை வரும். வெப்பநிலை ஏறினாலும் தண்ணீரின் உச்சி குறைந்த அலைநீளத்துக்கு நகரும். அதனால் லைனில் வரக்கூடிய எல்லா வெப்பநிலையிலும் சாம்பிள் எடுங்கள்.

கணக்கு எளிது: சிதறலைத் திருத்த எஸ்.என்.வி. (ஒவ்வொரு நிறமாலையையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது), பிறகு பி.எல்.எஸ். (நிறமாலையிலிருந்து கொழுப்பைக் கணிக்கும் மாடல்). சோதனைக்கு மட்டும் வேறு நாட்களின் பாலை ஒதுக்குங்கள். அதே நாள் பாலில் சோதித்தால் எந்த மாடலும் அழகாகத்தான் தெரியும்.

தினமும் சி.ஐ.பி. (குழாயைக் கழற்றாமலே கழுவுவது) முடிந்ததும் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு ஒரு நிறமாலை எடுத்து, கருவி பொருத்திய முதல் நாளில் எடுத்ததன் மேல் வைத்துப் பார்ப்பேன். தண்ணீரின் வெப்பநிலை அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடு விலகினால் புரோபின் ஜன்னலில் புரதமோ பால்கல்லோ (பாலின் உப்புப் படிவு) படிந்திருக்கலாம். கழற்றி விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். அதைத் துடைக்காமல் மாடலைத் திருத்தாதீர்கள்.

லேப் எண்ணோடு ஒருமுறை முரண்பட்டால் உடனே எதையும் மாற்ற வேண்டாம். தொடர்ந்து பத்து சாம்பிள் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் பயஸை (எப்போதும் ஒரே பக்கம் வரும் பிழையை) திருத்துங்கள். லேப் எண்ணோடு ஒத்துப்போகும்வரை, கொழுப்பைக் கட்டுப்படுத்தும் வால்வை இந்தக் கருவியின் கையில் கொடுக்காதீர்கள். திரையில் எண் ஓடட்டும், ஆபரேட்டர் பார்க்கட்டும்.