வாய் திறக்காத எதிர்த்தரப்பு: மௌனத்தை ஏற்புரையாக நிரூபிக்கும் முறை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதி 801(டி)(2)(பி)-யின்படி, வேறொருவர் சொன்னதை எதிர்த்தரப்பினர் தனதாக ஏற்றதாகவோ உண்மையென நம்பியதாகவோ காட்டிக்கொண்டிருந்தால், அதை அவருக்கு எதிராகவே கொண்டுவரலாம். செவிவழிச் சான்று (நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் சொன்னதை, அது உண்மை என்று காட்டக் கொண்டுவருவது) என்ற தடை அதற்கு இல்லை. அவர் "ஆமாம்" என்றிருந்தால் வேலை சுலபம். மௌனம்தான் பாடுபடுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டு: விபத்து நடந்த இடத்தில் தம்பி, "போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாயே" என்கிறார். காரோட்டிய அண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறார். அண்ணனுக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞர் நீங்கள்; அருகில் நின்றவர் உங்கள் சாட்சி.

படி 1: தம்பி என்ன சொன்னார் என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். ஆட்சேபணை எழும், ஜூரி காதில் விழுந்துவிட்டால் நீதிபதியின் கோபமும் சேரும். முதலில் சூழல்: இருவரும் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள்? இரைச்சல் இருந்ததா? அண்ணன் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? அந்த மொழி அவருக்குப் புரியுமா?

படி 2: பதில் சொல்லும் நிலையில் இருந்தாரா என்று காட்டுங்கள். நினைவு தெளிவாக இருந்ததா, எழுந்து நடந்தாரா, மற்றவர்களிடம் பேசினாரா? பெரும்பாலும் வழக்கு சறுக்குவது இங்கேதான். தலையில் அடிபட்டு அதிர்ச்சியில் உட்கார்ந்திருந்தவரின் மௌனம் எதையும் காட்டாது. வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் பேசாமலிருந்தார் என்றால் உங்கள் கை ஓங்கும்.

படி 3: குற்றச்சாட்டு பொய்யென்றால் யாராயினும் அங்கேயே மறுத்திருப்பார்கள் என்று வாதிடுங்கள். சொன்னது சொந்தத் தம்பி, விஷயமோ பெரிது. இரண்டும் உங்களுக்குச் சாதகம்.

படி 4: இப்போது தம்பி சொன்ன சொற்களையும், உடனே அண்ணன் செய்ததையும் கேளுங்கள். தம்பி சாட்சிக் கூண்டேற வேண்டியதில்லை.

முதல் மூன்று படிகளில் போட்ட அடித்தளம் போதுமா என்பதை விதி 104(ஏ)-வின்படி நீதிபதியே முடிவுசெய்வாரா, 104(பி)-யின்படி ஜூரிக்கு விடுவாரா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. கடினமான முதல் அளவுக்கே தயாராகுங்கள். விதி 403-இன்படி பாரபட்ச ஆட்சேபணையும் (சான்றின் பயனைவிட, அது ஜூரியிடம் ஏற்படுத்தும் நியாயமற்ற பாதிப்பு மிக அதிகம் என்ற வாதம்) வரலாம்.

கிரிமினல் வழக்கில், மிராண்டா எச்சரிக்கைக்குப் (காவலில் இருப்பவரிடம், பேசாமலிருக்க உரிமை உண்டு என்று போலீஸ் சொல்வது) பிறகான மௌனத்தைத் தொடவே தொடாதீர்கள். 1976-இல் டாயில் எதிர் ஒஹாயோ வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் சாட்சியத்தைப் பொய்யாக்கக்கூட அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்னஞ்சலுக்கும் இதே தர்க்கம். வெறுமனே ஃபார்வர்டு செய்தது ஏற்பு ஆகாது. மேலே "இதுதான் உண்மை நிலவரம்" என்று எழுதி அனுப்பியிருந்தால், அந்த வரியைத்தான் முதலில் நீதிபதியிடம் காட்ட வேண்டும்.