டக்ளஸ் வம்சத்து ஆர்ச்சிபால்டுகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இடைக்கால ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் குடும்பத்தைத் தேடப் போகிறீர்கள் என்றால் பிறப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிறந்த தேதி பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் உத்தேசக் கணக்குதான். பெரிய போரில் இறந்தவர் என்றால் அந்த நாள் ஏறக்குறைய உறுதியாகத் தெரியும், அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.

நான்காம் டக்ளஸ் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆர்ச்சிபால்டையே எடுத்துக்கொள்வோம். 1424 ஆகஸ்ட் 17 அன்று பிரான்சில், வெர்னாய் ஊருக்கு வெளியே, பிரெஞ்சு மன்னருக்காக ஆங்கிலேயரோடு மோதி இறந்தார். உடனே பார்க்க வேண்டியது, அன்று அவரோடு வேறு யார் யார் விழுந்தார்கள் என்பது. இரண்டாவது மகன் ஜேம்ஸ் இறந்தார், பக்கன் ஏர்ல் ஜான் ஸ்டூவர்ட்டும் இறந்தார். இந்த ஜான் ஸ்டூவர்ட் வேறு யாருமில்லை, மகள் எலிசபெத்தின் கணவர்! சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டே போருக்குப் போனவர்கள் இவர்கள், அதனால் இறந்தவர் பட்டியலிலேயே பாதி வம்சாவளி கிடைத்துவிடும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். அப்பா ஆர்ச்சிபால்ட், இவர் ஆர்ச்சிபால்ட், மூத்த மகனும் ஆர்ச்சிபால்ட். மனைவி பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் குழப்பம் தீரும்: அப்பாவுக்கு ஜோவானா, இவருக்கு மூன்றாம் ராபர்ட் மன்னரின் மகள் மார்கரெட், மகனுக்கு யூஃபீமியா கிரஹாம்.

ஏர்ல் வரிசை எண்ணை மட்டும் நம்பி அப்பா, மகன் என்று கோடு போட்டுவிடாதீர்கள். இரண்டாம் ஏர்ல் ஜேம்ஸ் 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் முறைப்படியான வாரிசு இல்லாமல் இறந்ததால், பட்டம் சுற்றி வளைத்து நம் ஆளின் அப்பாவுக்கு வந்தது, அவரோ 1330-இல் ஸ்பெயினின் தேபாவில் போரில் இறந்த சர் ஜேம்ஸ் டக்ளஸின் மணஉறவுக்கு வெளியே பிறந்த மகன். கீழேயும் இதே கதைதான்: ஆறாம் ஏர்ல் 1440-இல் எடின்பரோ கோட்டையில் சிறுவயதிலேயே கொல்லப்பட, ஏழாம் ஏர்லாக வந்தவர் நான்காம் ஏர்லின் தம்பி.

சிறைப்பட்ட காலத்தையும் விடாதீர்கள். நான்காம் ஏர்ல் 1402-இல் ஹோமில்டன் ஹில் போரில் ஒரு கண்ணை இழந்து வட இங்கிலாந்துப் பிரபுக்களான பெர்சி குடும்பத்திடம் பிடிபட்டார், மறு ஆண்டே அதே பெர்சிகளோடு சேர்ந்து ஷ்ரூஸ்பரியில் இங்கிலாந்து மன்னரை எதிர்த்து மறுபடியும் பிடிபட்டார். இப்படிப் பிடிபட்ட பிரபுக்களை வெளியே விட மகனையோ தம்பியையோ பிணையாகக் கேட்பது வழக்கம், ஆகவே ஆங்கில அரசு ஆவணங்களிலும் உறவினர் பெயர்கள் சிக்கும்.

கல்லறையைத் தேடும்போது கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். இவரைப் பிரான்சிலேயே தூர் நகரப் பேராலயத்தில் புதைத்தார்கள், மார்கரெட்டின் கல்லறை ஸ்காட்லாந்தில் லிங்க்ளூடனில் இருக்கிறது, சிதைந்திருந்தாலும் இன்றும் பார்க்கலாம்.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. அன்றைய ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும், 1600-இல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். மூத்த மகனும் மருமகனும் சண்டையிட்டு வென்ற போஷே போர் நம் கணக்கில் 1421 மார்ச் 22, பழைய கணக்கில் இன்னும் 1420. எனவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதி எதைக் கண்டாலும் எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டு இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.