தங்கம், வெள்ளி நேரடியா வாங்கி விக்கும்போது உங்க விவரம் வெளிய போகாம பாத்துக்கறது எப்படி

கடைக்குப் போகாம ஆளுக்கு ஆள் நேரடியா தங்கக் காயினோ வெள்ளிக் கட்டியோ கைமாத்துறவங்க பெரும்பாலும் டூப்ளிகேட் வந்துடுமோன்னுதான் பயப்படுறாங்க, அது நியாயமான பயம்தான், ஆனா அதவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. நீங்க யாரு, வீடு எங்க, வீட்டுல என்ன இருக்குன்னு மூணும் முன்னப்பின்ன தெரியாத ஒரே ஆள்கிட்ட போய்ச் சேர்றது. ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா கூட சமாளிச்சுக்கலாம், மூணும் சேரவே கூடாது.

முதல்ல போட்டோ. லொகேஷன் ஆன்ல இருந்தா போன்ல எடுக்கற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் அது எடுத்த இடம் பதிவாகிடும். மெசேஜ் ஆப்ல சாதாரணமா அனுப்பினா பெரும்பாலும் அது அழிஞ்சிடும், ஆனா "தெளிவா இல்ல, டாக்குமென்ட்டா அனுப்புங்க"ன்னு கேப்பாங்க, அப்படி அனுப்பினா அப்படியே போயிடும். அதனால படத்தைத் திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அத அனுப்புங்க. அப்புறம் இன்னொண்ணு, பாலிஷ் போட்ட வெள்ளிக் கட்டி கண்ணாடி மாதிரி, பெருசு பண்ணிப் பாத்தா போனைப் பிடிச்சிருக்கற உங்க முகம், பின்னாடி ஜன்னல் எல்லாம் அதுல தெரியும். ஒரு வெள்ளைப் பேப்பர் மேல வச்சு, கொஞ்சம் சாய்வா எடுங்க. சீரியல் நம்பரை மறைச்சுடுங்க, நேர்ல பாக்கும்போது காட்டினா போதும்.

போன் நம்பர் விஷயத்துல நானே அனுபவப்பட்டிருக்கேன். ஒரு தடவ ஒரு வெள்ளிக் கட்டி வித்தேன், எப்பவும் வச்சிருக்கற நம்பரைத்தான் கொடுத்தேன், வாங்கினவர் அத சேவ் பண்ணிட்டார், ஆறு மாசம் கழிச்சு "பொண்ணு ஸ்கூல் சேந்துட்டா போல, வாழ்த்துக்கள், இன்னும் கட்டி இருக்கா"ன்னு மெசேஜ் வருது. ஸ்டேட்டஸ்ல யூனிஃபார்மோட போட்ட போட்டோவப் பாத்திருக்கார். அவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுலேருந்து இதுக்குன்னே தனி சிம், ப்ரொஃபைல் படம் கிடையாது, ஸ்டேட்டஸ் கிடையாது.

பேச்சுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "இருங்க, பீரோவத் திறந்து பாத்துட்டு சொல்றேன்"னு ஒரு வார்த்தை போதும், சரக்கு வீட்டுல தான் இருக்குன்னு சொல்லியாச்சு. "வேற எவ்ளோ வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா "இது ஒண்ணுதான் விக்கிறேன்", அவ்ளோதான் பதில். ஊருக்குப் போறேன், அடுத்த வாரம் வரேன்னும் சொல்லாதீங்க.

சந்திக்கற இடம் வீடு கிடையாது, ஆபீஸ் கிடையாது. பேங்க் உள்ள சந்திக்கறது தான் எனக்குப் பிடிச்ச வழி, கேமரா இருக்கும், பணத்தை அங்கயே எண்ணி கட்டிடலாம். வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு நடந்து போங்க, முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வராதீங்க.

"வீட்டுக்குக் கொண்டு வாங்க, நிதானமா செக் பண்ணிக்கறேன்"னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல, சோதனைய வெளியவே பண்ணத் தெரிஞ்சிருக்கணும். சின்ன டிஜிட்டல் தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு ஜீரோ பண்ணிட்டு, கட்டிய நூல்ல கட்டி அடி தொடாம முக்குங்க. 1 ட்ராய் அவுன்ஸ் சுத்தத் தங்கம், அதாவது 31.1 கிராம், தராசு சுமார் 1.61 கிராம் காட்டணும். அதே எடை வெள்ளின்னா 2.96 பக்கம் வரும். ஆனா டங்ஸ்டன்ங்கற, தங்கத்தவிட ரொம்ப மலிவான உலோகத்தோட அடர்த்தி 19.25, தங்கத்தோடது 19.3, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால உள்ள டங்ஸ்டன் வச்சு செஞ்சதை தண்ணியும் கண்டுபிடிக்காது, காந்தமும் கண்டுபிடிக்காது. பெரிய கட்டின்னா மின்கடத்துத்திறன் பாக்கற மெஷினோ அல்ட்ராசவுண்ட் மெஷினோ இருக்கற இடத்துல தான் சந்திக்கணும்.

இதெல்லாம் திருடன் கண்ல படாம இருக்கத்தான், அரசாங்கத்துகிட்ட மறைக்க இல்ல, இத ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எவ்ளோ ரொக்கம் வரைக்கும் கொடுக்கலாம், எப்ப ஐடி காட்டணும், லாபத்துக்கு வரி உண்டான்னு உங்க நாட்டுச் சட்டத்தைப் பாத்துக்கங்க. அந்த வரம்பத் தாண்டாம இருக்க தொகைய உடைச்சு உடைச்சுக் கொடுக்கறது சில நாடுகள்ல அதுவே குற்றம். தேதி, எடை, சீரியல் நம்பர், தொகை, ரெண்டு பேர் பேரும் கையெழுத்தும் போட்டு ஆளுக்கொரு ரசீது எழுதிக்கங்க, நாளைக்கு அது திருட்டுப் பொருள்னு யாராவது வந்து நின்னா உங்களக் காப்பாத்தப் போறது அந்தப் பேப்பர் தான். ரசீதுல பேர் இருக்கட்டும், சட்டம் கேக்காத பட்சத்துல வீட்டு அட்ரஸ் வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் போட்ட விளம்பரத்தை "விற்றாச்சு"ன்னு மாத்தி விட்டுடாம படத்தோட மொத்தமா அழிச்சுடுங்க. பேசின மெசேஜை மட்டும் பணம் கைக்கு வந்து நாலஞ்சு நாள் ஆகற வரைக்கும் வச்சிருங்க, தகராறு வந்தா தேவைப்படும்.