ஸ்லைடு சுவிட்ச்: சின்ன சாமான்தானே என்று செய்யும் தவறுகள்

பொம்மைக் கார், டார்ச், ரேடியோ என்று பேட்டரியில் ஓடும் பல சாமான்களில் ஒரு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. குமிழைத் தள்ளினால் ஒரு உலோகத் தகடு நகர்ந்து, நடுப் பின்னை (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் காலை) இடது பின்னோடோ வலது பின்னோடோ சேர்க்கும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டை யாரும் திறப்பதில்லை. பின் மாறிப்போவதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மல்டிமீட்டரே பீப் அடித்துச் சொல்லிவிடும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குவது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள், எனக்கும் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. சுவிட்சுக்கு 0.5 ஆம்பியர், 50 வோல்ட் டிசி என்று போட்டிருக்கும். உடனே பெருக்கி 25 வாட் என்பார்கள். "என்னுடையது 12 வோல்ட், 2 ஆம்பியர், 24 வாட்தானே? தாங்கும்."

தாங்காது. அவை இரண்டும் தனித்தனி வரம்புகள். ஆன் நிலையில் சூட்டைத் தீர்மானிப்பது மின்னோட்டம் மட்டுமே. தகடும் பின்னும் தொடும் இடமான கான்டாக்டின் மின்தடை 50 மில்லிஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 ஆம்பியரில் 12.5 மில்லிவாட் சூடு; 2 ஆம்பியரில் 200 மில்லிவாட். ஓட்டம் 4 மடங்கு, சூடு 16 மடங்கு, அதுவும் குண்டூசி முனையளவு இடத்தில். மோட்டார் என்றால் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அணைக்கும்போது பொறி பறக்கும்.

ஒரு மாணவர் ரோபோ காரோடு வந்தார். மோட்டார் கிளம்பினாலே மைக்ரோகன்ட்ரோலர் (காரை இயக்கும் குட்டிக் கணினி சிப்) ரீசெட் ஆகிறதாம். புரோகிராமை மாற்றி, பேட்டரியை மாற்றி, கடைசியில் போர்டையே மாற்றியிருந்தார். ஆன் செய்த சுவிட்சின் இரண்டு பின்களிலும் மீட்டரை வைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! அவ்வளவும் போர்டுக்குப் போகாமல் சுவிட்சிலேயே வீணாகிறது. தகரக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் கான்டாக்ட் கருகி, குமிழின் அடிப்பகுதி இளகி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. புரோகிராம் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதே குட்டி சுவிட்ச்தான் வேண்டுமென்றால், பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் இயங்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வையுங்கள்; மோட்டாரின் ஓட்டத்தை அது சுமக்கட்டும். அதைக் கட்டுப்படுத்தும் காலான கேட்டுக்கும், பேட்டரியோடு சேரும் காலான சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர். சுவிட்ச் கேட்டை கிரவுண்டுக்கு இழுக்கட்டும். 12 வோல்ட்டில் சுவிட்ச் வழியே போவது 1.2 மில்லிஆம்பியர்தான். மாஸ்ஃபெட்டின் கேட்-சோர்ஸ் வோல்ட் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சால்டர் சூடு

பின்னுக்கு 3 விநாடி போதும். அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, பின் ஆடத் தொடங்கும். சால்டர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸை அள்ளிப் பூசிவிட்டு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிக் கழுவவும் வேண்டாம். மூடி சீல் செய்யாத சுவிட்ச் என்றால் அத்தனையும் கான்டாக்டுக்குத்தான் போகும்.

அந்தரத்தில் விட்ட இன்புட் பின்

சுவிட்ச் திறந்திருக்கும்போது மைக்ரோகன்ட்ரோலரின் இன்புட் பின் எதோடும் சேராமல் கிடந்தால் ஆனா ஆஃபா என்று அதற்குத் தெரியாது. புல்-அப் (பின்னைப் பாசிட்டிவோடு சேர்க்கும் ரெசிஸ்டர்) போடுங்கள்.

ஆறு பின் சுவிட்சில் மோட்டாரைத் திருப்புவது

ஓரப் பின்களைக் குறுக்காக இணைத்தால் திசை மாறும், சரி. ஆனால் ஷார்ட்டிங் வகை சுவிட்சை வாங்கிவிடாதீர்கள். அது புதிய பின்னைத் தொட்ட பிறகுதான் பழையதை விடும். குமிழ் நடுவழியில் இருக்கும்போது பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். நான்-ஷார்ட்டிங் வகையே ஆனாலும், மோட்டார் நின்ற பிறகு தள்ளுங்கள்.